பெரியப்பாவின் அறைகள்

அந்த வீட்டில் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகக் கதவு கிடையாது. நடுவில் வட்டமான கூடம், அதைச் சுற்றிலும் அறைகள், ஒவ்வோர் அறைக்கும் கூடத்தைப் பார்த்து ஒரே ஒரு வாசற்கதவு. விருந்தாளிகளை ஒவ்வொருவராக அழைத்து வந்து அறையில் விட்டுவிட்டால், அதற்கப்புறம் அவர்கள் கூடத்தில் கால் வைப்பது வழக்கமில்லை. கட்டியவன் கஞ்சத்தனத்தால் கதவை மிச்சம் பிடித்தான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யோசித்து யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

வீடு ஒரு பெரிய தேசத்தின் வெளியுறவு இலாகாவுக்குச் சொந்தம். கடலோரம் நெடுக அந்தத் தேசத்துக்குச் சிநேகித நாடுகள் உண்டு. ஒவ்வொன்றோடும் தனித்தனி ஒப்பந்தம், உன்னை எவனாவது தொட்டால் நான் வருவேன் என்று தனித்தனிக் கையெழுத்து. எல்லாரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பொதுவாக ஓர் ஒப்பந்தம் போடலாமே என்று கேட்டால் போதும், கேட்டவர் மேல் ஒரு பார்வை விழும், பேச்சு வானிலைக்குத் திரும்பிவிடும். வீட்டு வேலைக்காரர்கள் அந்தத் தேசத்துக்குப் பெரியப்பா என்று பெயர் வைத்திருந்தார்கள். தம்பி பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போய், “உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா” என்று எல்லாரிடமும் சொல்கிற பெரியப்பா எந்தக் குடும்பத்தில்தான் இல்லை.

அறைகள் எல்லாம் அச்சில் வார்த்தாற்போல் ஒரே மாதிரி இருக்கும். அதே சாம்பல் நிறக் கம்பளம், அதே நாற்காலி, சுவரில் அதே ஏரிப் படம். முன்னொரு சமயம் ஒரு நாட்டு விருந்தாளி, பக்கத்து அறைத் திரைச்சீலை தன்னுடையதைவிடப் புதுசு என்று எப்படியோ மோப்பம் பிடித்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். அதிலிருந்து வீட்டு மேற்பார்வைக்காரி அளவு நாடாவும் கையுமாக அலைகிறாள். பூச்சாடியின் உயரம்கூட அவளுக்கு ராஜாங்க விஷயம். “எல்லாரும் எங்களுக்குச் சமம்” என்று பெரியப்பா சொல்வது அந்தச் சாடிகளைப் பொறுத்தவரை சத்தியம்.

இந்த அறைகளுக்கு நடுவே நடக்கிறவள்தான் நம்முடைய துபாஷி. மொழிபெயர்ப்பாளர் என்பது சம்பளப் பட்டியலில் இருக்கிற பெயர். வீட்டில் எல்லாருக்கும் அவள் துபாஷிதான். வடகரை நாட்டில் பிறந்து, கல்யாணமாகிப் பெரிய தேசத்துக்கு வந்தவள். வடகரைக்கும் தென்கரைக்கும் நடுவில் இருப்பது ஒரு குறுகிய கடல். இரண்டு கரையிலும் பேசுவது ஒரே மொழி. ஒரே தாலாட்டு, ஒரே வசவு. ஆனாலும் வடகரைக்காரர் தென்கரைக்காரரிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் பெரியப்பாவிடம் வந்து சொல்வார். அதைத் துபாஷி பெரியப்பாவின் மொழிக்கு மாற்றுவாள். அண்ணன் தம்பி பேசிக்கொள்ள ஆள் வைத்து, அந்த ஆளுக்குச் சம்பளமும் கொடுக்கிற கூத்து வேறெங்கும் நடக்காது. அந்தச் சம்பளத்தில்தான் அவள் குடும்பம் ஓடியது என்பதால் அவளும் வாயைத் திறந்ததில்லை.

அவள் தொழிலில் ஒரே ஒரு கட்டுப்பாடுதான் பெரிது. ஓர் அறையில் கேட்டது அந்த அறையோடு சரி. கூடத்தைத் தாண்டும்போது மனத்தைத் துடைத்துவிட வேண்டும். இத்தனை காலத்தில் ஒரு சொல்கூட அவளிடமிருந்து கசிந்ததில்லை. துபாஷி காதில் போட்டால் கிணற்றில் போட்ட கல் என்று இலாகாவில் சொல்வார்கள்.

அன்றைக்கு மட்டும் அந்தக் கல் மேலே மிதக்கப் பார்த்தது.

இரண்டு கரைக்கும் நடுவில் ஒரு மணல்திட்டு. யாருடையது என்று கடலுக்கே தெரியாது. வடகரை அங்கே ரோந்துப் படகை நிறுத்தியது, உடனே தென்கரையும் நிறுத்தியது. வடகரைப் படகின் இன்ஜின் அறையில் இருந்தவன் துபாஷியின் தம்பி. போன வாரம் போனில், “பொழுதே போகலைக்கா. அவன் எங்களை முறைக்கறான், நாங்க அவனை முறைக்கறோம். கண்ணுதான் வலிக்குது” என்று சிரித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “மேல பீரங்கியில உறையைக் கழட்டிட்டாங்க” என்றான். அவள் அதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. இலாகாவில் யாரும் கேட்கவில்லை, அவளும் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் வேறு ஆளைப் போட்டிருப்பார்கள்.

வீடு ஓர் ஏரிக்கரையில் இருந்தது. அன்று காலையிலிருந்தே ஏரிப் பனி விலகவில்லை. கூடத்தின் கூரை கண்ணாடி. அதன் மேல் பனி படுத்துக் கிடந்ததால், கீழே எல்லாம் பால் கலந்த தண்ணீருக்குள் இருப்பது போல இருந்தது. காலடிச் சத்தம்கூடக் கம்பளத்தில் ஊறிப் போயிற்று. துபாஷிக்கு முந்தின நாள் தூக்கமில்லை. நடக்கிறோமா மிதக்கிறோமா என்று தெரியாமல் செயலருக்குப் பின்னால் போனாள்.

செயலர் என்றால் பெரிய தேசத்தின் கூட்டாளி நாடுகளுக்கெல்லாம் பொறுப்பானவர். முழங்கால் வலிக்காரர், நல்ல மனுஷர், சும்மா சொல்லக் கூடாது. யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை.

முதலில் வடகரை அறை. அமைச்சர் ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, தின்னாமல், தட்டில் சுளை சுளையாக அடுக்கிக்கொண்டிருந்தார். பருத்த, வேர்க்கிற மனிதர்.

“நாளைக்கு விடிகாலையில கடல் ஏறும். திட்டு முங்கிடும். அவங்க படகு அதுக்கு மேலேயே வந்து நிக்கலாம். வந்தா சுடச் சொல்லி உத்தரவு போட்டுட்டோம்” என்றார்.

துபாஷி கண்ணை மூடிக்கொண்டு அதைச் செயலருடைய மொழியில் சொன்னாள். கண்ணை மூடினால்தான் அவளுக்குக் காது நன்றாகத் திறக்கும். அமைச்சர் பேசினாலும் அவள் ‘நான்’ என்பாள், செயலர் பேசினாலும் ‘நான்’ என்பாள், தொழில் அப்படி. தனக்கென்று ஒரு ‘நான்’ அந்த வீட்டில் அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

அமைச்சர் கொஞ்ச நேரம் சுளைகளைப் பார்த்தார். “உங்ககிட்ட மட்டும் சொல்றேன். எனக்குச் சுட விருப்பமில்லை. அவங்க ஒரு எட்டு பின்னால போனா நான் ரெண்டு எட்டு போவேன். ஆனா முதல்ல நான் போக முடியாது, ஊர்ல தலை காட்ட முடியாது. இது தென்கரையிலேர்ந்து வந்திருக்கற அந்தம்மா காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா என்னைக் கோழைன்னு நினைச்சு இன்னும் நெருங்கி வருவாங்க.”

செயலர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க வார்த்தை இந்த அறையை விட்டுப் போகாது. உங்களை யாராவது தாக்கினா நாங்க உங்க பக்கம்.”

இதையும் துபாஷிதான் சொன்னாள்.

வெளியே வந்ததும் செயலர் முழங்காலைத் தேய்த்தபடி கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே தென்கரை அறையின் வாசல், பனி வெளிச்சத்தில் தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தது. உண்மையில் நடந்தால் நாலு மூச்சு.

“சார், அந்தம்மாவும் நேத்து இதையேதான் சொன்னாங்க. முதல்ல நான் போக முடியாதுன்னு. ரெண்டு பேரையும் ஒரே அறையில உக்கார வெச்சா பத்து நிமிஷ வேலை” என்றாள். இப்படி அவள் இதுவரை பேசியதே இல்லை.

செயலர் ஆச்சரியப்பட்டாலும் கோபப்படவில்லை. “சைக்கிள் சக்கரம் பார்த்திருக்கீங்கல்ல. எல்லாக் கம்பியும் நடுவுல வந்துதான் சேரும். கம்பிக்கும் கம்பிக்கும் பேச்சு கிடையாது. ஒண்ணு ஒடிஞ்சாலும் வண்டி ஓடும். எங்க கூட்டணியெல்லாம் அப்படித்தான் கட்டியிருக்கு.”

“சுத்தி ஒரு ரிம் இருக்கே சார்.”

அவர் சிரித்துவிட்டார். “ரிம்மை மாட்டிட்டா, அது உருள்ற பக்கமெல்லாம் நடுவுல இருக்கறதும் உருளணும். அவங்கள்ல ஒருத்தர் எங்கேயாவது வம்பை இழுத்தா, எல்லாருமா சேர்ந்து எங்களையும் கடல்ல தள்ளிடுவாங்க. தனித்தனியா கட்டி வெச்சிருந்தாத்தான் யாரை எப்ப இழுத்துப் பிடிக்கறதுன்னு எங்க கையில இருக்கும்.”

“அப்ப இன்னிக்கு இழுத்துப் பிடிங்க சார்.”

“யாரை? இவரை இழுத்தா, அந்தம்மாதான் உங்களுக்குச் செல்லம்னு சொல்லிட்டு வேற பெரியப்பாவைத் தேடிப் போயிடுவார்.”

அந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. சிரிக்க முடியவில்லை. செயலர் எழுந்து, “சுட மாட்டாங்க துபாஷி. கடைசி நிமிஷத்துல யாராவது கண்ணைச் சிமிட்டுவாங்க. நான் எத்தனை பார்த்திருக்கேன்” என்று கையை நீட்டி அவளையும் எழுப்பிவிட்டார். அவர் பார்த்த எந்தப் படகிலும் அவருடைய தம்பி இருந்திருக்க மாட்டான் என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது.

தென்கரை அறைக்குள் நுழைந்ததும் அவளுக்குத் தலை லேசாகச் சுற்றியது. அதே கம்பளம், அதே நாற்காலி, அதே ஏரிப் படம். வந்த அறைக்கே திரும்பி வந்துவிட்டது போலிருந்தது. தட்டில் அதே ஆரஞ்சுப் பழம், உரிக்காமல் இருந்ததுதான் வித்தியாசம். ஜன்னலுக்கு வெளியே பனி. ஏரி எது, கரை எது என்று தெரியவில்லை.

தென்கரை அம்மையார் முன்னாளில் நீதிபதியாக இருந்தவர். ஒல்லியான உடம்பு, தோளில் சால்வை. சுற்றி வளைக்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

“எனக்குத் தூக்கம் போயிடுச்சு. கடல் ஏறினா எங்க படகு முன்னால போகணும்னு எங்க தளபதி சொல்றார். போகலைன்னா அவங்க வந்து திட்டைப் பிடிச்சுக்குவாங்களாம். போனா அவங்க சுடுவாங்களாம். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவங்க சுடுவாங்களா?”

துபாஷி மாற்றிச் சொன்னாள். செயலர் தம் மொழியில் நிதானமாகப் பதில் சொன்னார். அடுத்தவர் மனசு எனக்கு எப்படித் தெரியும், ஆனால் உங்களை யாராவது தாக்கினால் நாங்கள் உங்கள் பக்கம் என்றார். எதிர் அறையில் சொன்ன அதே வாக்கியம், அதே சாடியைப் போல அளவு பார்த்து வைத்தது. இனி அவள் அதை அம்மையாருக்குச் சொல்ல வேண்டும்.

கண்ணை மூடினாள். மூடியதும் கம்பளம் ஈரமானது. கடல் ஏறிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், நாற்காலிக் கால்களை நனைத்து, பூச்சாடியைத் தூக்கி மெல்லச் சுழற்றிக்கொண்டு, கூடத்து வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. அதன் மேல் தம்பி, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி, கண்தான் வலிக்குது என்றான். எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்குச் சுத்தமாக மறந்து போயிற்று. யாரோ பயந்து வேர்க்கிற ஒருவர் பேசி முடித்தார், அவருக்காகத் தான் பேச வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது.

“எனக்குச் சுட விருப்பமில்லை. நீங்க ஒரு எட்டு பின்னால போனா நான் ரெண்டு எட்டு போவேன். முதல்ல நான் போக முடியாது, ஊர்ல தலை காட்ட முடியாது.”

எதிரே நாற்காலி கிறீச்சிட்டது.

கண்ணைத் திறந்தபோது எதிரே அமைச்சர் இல்லை. சால்வையை இறுகப் பிடித்தபடி அம்மையார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். செயலருக்கு அங்கே பின்னால் போகப் படகே கிடையாது. இது யாருடைய வார்த்தை என்று நீதிபதியாக இருந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தூக்கக் கலக்கமா, ஆசையா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அந்த வாக்கியத்தைக் கூடத்தில் துடைக்காமல் கொண்டு வந்தவள் அவள்தான் என்பது மட்டும் நிச்சயம்.

“என்ன சொன்னீங்க? அவங்க முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?” என்றார் செயலர்.

ஒரு பொய் போதும். ஒரு சொல் தடுமாறிவிட்டது, திருத்திவிட்டேன் என்றால் அந்த நல்ல மனுஷர் நம்பிவிடுவார். வேலை பிழைக்கும். ஆனால் பொய்யைச் சொன்னால் அம்மையாரிடமும் இது தவறு என்று சொல்லியாக வேண்டும். அப்போது விடிகாலையில் அந்தப் படகு முன்னால்தான் வரும்.

“வடகரை அமைச்சர் சொன்னதை இங்க சொல்லிட்டேன் சார். தப்பாத்தான் வந்துச்சு. ஆனா திருப்பி எடுத்துக்க மாட்டேன். என் தம்பி அந்தப் படகுல இருக்கான்.”

செயலர் குனிந்து முழங்காலைத் தேய்த்தார். “இதை முன்னாடியே சொல்லியிருந்தா உங்களைக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனே” என்றார்.

“அதனாலதான் சார் சொல்லல.”

“அவர் என்னை நம்பிச் சொன்ன வார்த்தை அது.”

“தெரியும் சார்.” அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்த வேர்த்த மனிதரை நினைத்துத்தான் வந்தது.

செயலர் பெருமூச்சு விட்டு, “நீங்க வீட்டுக்குப் போங்க துபாஷி. இனிமே வர வேண்டாம்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இவர்கள் பேசியது ஒன்றும் புரியாவிட்டாலும், அம்மையாருக்குப் புரிய வேண்டியது புரிந்துவிட்டது. அவர் எழுந்தார். சால்வையைச் சரி செய்துகொண்டு, வாசலைத் தாண்டி, எந்த விருந்தாளியும் தனியாக நடந்திராத அந்தக் கூடத்தில் இறங்கி நடந்தார். பனி வெளிச்சத்தில் அவர் தரையைத் தொடாமல் போவது போலத்தான் துபாஷிக்குத் தெரிந்தது. அங்கே பூ மாற்றிக்கொண்டிருந்த மேற்பார்வைக்காரி, ராஜாங்கமே கவிழ்ந்தாற்போல் சாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள்.

அம்மையார் எதிர்க் கதவைத் தட்டினார். அமைச்சர் திறந்தார்.

“நீங்களும் பயந்துபோய்த்தான் உக்காந்திருக்கீங்களாமே” என்றார் அம்மையார்.

அமைச்சர் பேயறைந்தது போல நின்றார். அம்மையாரின் தோளுக்கு மேலாக அவர் கண் கூடத்தில் துழாவித் துபாஷியைக் கண்டுபிடித்தது. கோபம்கூட இல்லை அதில், இவளா என்று ஒரு கேள்விதான். துபாஷி தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு அமைச்சர் ஒதுங்கி வழிவிட்டார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஒரு குரல் எழும்பியது, இன்னொரு குரல் அதன் மேல் ஏறியது, ரொம்ப நேரம் சண்டைதான். துபாஷிக்கு அந்த மொழியைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்பது விநோதமாக இருந்தது. யாருக்கும் அதை மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

செயலர் கூடத்தின் நடுவில் நின்றார். எல்லா வாசலும் அவரைப் பார்த்தபடி இருந்தன. “என்ன பேசறாங்க?” என்றார் பழக்கதோஷத்தில்.

“நான் வேலையில இல்லையே சார்.”

அவர் மெல்லத் தலையாட்டினார். “இனிமே எல்லாத்துக்கும் சேர்ந்துதான் வருவாங்க. இன்னிக்குத் திட்டு. நாளைக்கு எங்க கப்பல் நிக்கற துறைமுகத்தைப் பத்தி ஒரே குரல்ல பேசுவாங்க. அதைப் பார்த்து மத்தவங்களும் கதவைத் தட்டுவாங்க. நீங்க ஒரு வாக்கியம்தான் சொன்னீங்க துபாஷி” என்றார். ஏதோ வருத்தமான செய்தியை ஆறுதலாகச் சொல்கிற தொனியில்தான் சொன்னார். அவள் அடையாள அட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் மதியம் வரைக்கும் அவள் போனை விட்டு நகரவில்லை. சமையலறையில் உட்கார்ந்து, ஜன்னலில் பனி உருகி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தேநீரை வைத்துவிட்டுப் போனார். கடல் ஏறியிருக்கும், இறங்கியும் இருக்கும்.

போன் அடித்தது.

“அக்கா, நான்தான். கரைக்கு வந்துட்டோம்.”

உட்கார்ந்திருந்தவள் எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

“கேக்குதா? விடியறதுக்கு முன்னாடி திடீர்னு உத்தரவு, திரும்பி வான்னு. தென்கரைக்காரனும் திரும்பினான்னு சொல்றாங்க, யார் கண்டா. இங்க துறைமுகத்துல எங்களை ஒருத்தன் மதிக்கலை. சின்னப் பசங்க எல்லாம் ஓடிவந்த வீரர்னு கிண்டல் பண்றாங்க. இத்தனை வாரம் வெயில்ல காஞ்சது இதுக்கா? எவனோ குளிர் அறையில உக்காந்து எங்க மானத்தை வித்துட்டான்.”

“சாப்பிட்டியாடா?”

“சோறு இறங்குமா எனக்கு? யாரோ உள்ளுக்குள்ள ரகசியத்தைப் போட்டுக் குடுத்துட்டாங்களாம், அதனாலதான் அமைச்சர் இறங்கி வந்தாராம். ஊரெல்லாம் அதே பேச்சு. அந்த ஆளு யாரா இருந்தாலும் வேலை போகணும்க்கா. அப்பதான் எனக்கு மனசு ஆறும்.”

துபாஷி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“போயிடுச்சுடா” என்றாள். “நீ முதல்ல போய்ச் சாப்பிடு.”